வலசை வண்டியும் அலுவலகக் கடிகாரமும்

1919ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், டாம்பா நகரின் டிசோட்டோ பூங்காவில் கூடாரமடித்துத் தங்கியிருந்த மோட்டார் பயணிகள் சிலர் ஒரு சங்கம் தொடங்கினார்கள். தங்களுக்குத் 'தகரடப்பாப் பயணிகள்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். வட மாநிலங்களில் பனி கொட்டும் மாதங்களைத் தெற்கே கழித்துவிட்டு, வெயில் ஏறியதும் ஊர் திரும்புவது அவர்கள் வழக்கம். நாரைகளும் உள்ளான்களும் செய்யும் இந்தப் போக்குவரத்துக்கு நம்மிடம் வலசை என்ற சொல் இருக்கிறது. அமெரிக்கர்கள் இப்படிப் போகிறவர்களை 'ஸ்னோபேர்ட்' என்கிறார்கள், பனிப்பறவை. அன்று வந்தவர்களில் பலர், நிலம் உறைந்து கிடக்கும் மாதங்களில் கை ஓய்ந்திருந்த விவசாயிகள். பிறகு ஓய்வூதியக்காரர்கள் வந்தார்கள். குளிர்காலத்தை வண்டியில் கழிக்கும் பழக்கம் வேலை ஓய்ந்தவர்களின் பழக்கமாகவே பிறந்து, ஒரு நூற்றாண்டு அப்படியே இருந்தது. 2020இன் பெருந்தொற்று அதை மாற்றியது. ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டிகள் 2021இல் மட்டும் ஆறு லட்சத்துக்கு மேல் ஆலைகளிலிருந்து வெளியேறின. அதுவரை காணாத எண்ணிக்கை. 2022 மே மாதத்தில் ஸ்டார்லிங்க் நிறுவனம் ஆர்.வி.க்காரர்களுக்கென்றே செயற்கைக்கோள் இணையச் சேவையைத் தொடங்கியது. இன்று வலசை போகிறவர்களில் ஒரு பகுதியினர் வேலையை ஊரில் விட்டுவிட்டு வருவதில்லை. மடிக்கணினியோடு அதுவும் வண்டியிலேறி வருகிறது, வாரத்துக்கு நாற்பது மணி நேரம், எந்தத் தள்ளுபடியும் இல்லாமல்.

இப்படி ஒரு குளிர்காலம் சாத்தியமா என்று யோசிக்கிறவர்கள் முதலில் கேட்பது குளிரைப் பற்றி. எவ்வளவு தாங்கும், எந்த ஹீட்டர் நல்லது, சுவர் எத்தனை அங்குலம்? கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் இந்த வாழ்க்கையின் இயக்கத்தை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், உண்மையான பற்றாக்குறை வெப்பத்தில் இல்லை, பகலில் இருக்கிறது என்று தெரியும். குளிர்காலப் பகல் குறுகியது. சூரியத் தகடு மின்சாரம் தருவது பகலில். உறைந்த குழாய் இளகுவது பகலில். பனி படிந்த சாலையில் வண்டியைப் பாதுகாப்பாக ஓட்ட முடிவது பகலில். தண்ணீர் நிரப்புவது, கழிவுத் தொட்டியைக் காலி செய்வது, எரிவாயு வாங்கிவருவது எல்லாமே பகல் வேலைகள். அந்தப் பகலைத்தான் முழுநேர ஊழியர் முன்கூட்டியே சம்பளத்துக்கு விற்றுவிட்டிருக்கிறார். ஓய்வுபெற்ற பனிப்பறவைக்கு இந்த முட்டுக்கட்டை கிடையாது. அவருடைய பகல் அவருடையது. எனவே, பகலைக் காப்பாற்றித் தரும் இடத்தைத் தேர்ந்தெடுத்து அங்கே அசையாமல் உட்காருகிறவருக்கே இந்தக் குளிர்காலம் கைகூடும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

மின்சாரத்திலிருந்து தொடங்கலாம். மடிக்கணினியும் கூடுதல் திரையும் சேர்ந்து சுமார் 70 வாட் எடுத்தால், ஒன்பது மணி நேரத்துக்கு 600 வாட்மணிக்கு மேல் ஆகிறது. செயற்கைக்கோள் தட்டு ஏறக்குறைய அதே அளவு கேட்கும். எரிவாயுவில் இயங்கும் ஹீட்டருக்கும் மின்சாரம் தேவை, ஏனெனில் சூடான காற்றைத் தள்ளும் விசிறி பேட்டரியில்தான் ஓடுகிறது. அது இரவெல்லாம் விட்டுவிட்டு ஓடினால் இன்னொரு 600. விளக்கு, தண்ணீர் பம்பு, கைபேசி என்று சேர்த்தால் ஒரு நாள் கணக்கு இரண்டு யூனிட்டை எட்டும். நம் ஊர் வீட்டுக்கு இது சொற்பம். வண்டிக் கூரைக்கோ பெரும் சுமை. டிசம்பர் 21 அன்று 45 பாகை வட அட்சரேகையில் உள்ள மினியாபொலிஸ் நகரில், உச்சிவேளைச் சூரியனே அடிவானத்திலிருந்து 21 பாகை உயரத்தைச் சற்றுத் தாண்டித்தான் ஏறுகிறது. கூரையில் படுக்கை வாட்டில் கிடக்கும் தகட்டின்மீது அந்த நேரத்தில் விழுவது, நேர்செங்குத்தாக விழும் வெயிலில் 37 சதவீதம்தான். அதுவும் பனி மூடாமல் இருந்தால். பகல் எட்டே முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். தெற்கே 33.7 பாகையில் இருக்கும் அரிசோனாவின் குவார்ட்சைட்டில் சூரியன் 33 பாகை ஏறும். பகல் பத்து மணி நேரம். அங்கேயும் 400 வாட் தகடு டிசம்பரில் நாளொன்றுக்குச் சுமார் ஒரு யூனிட்தான் தருகிறது. தேவையில் பாதி. இரட்டிப்புத் தகடு வேண்டும், அல்லது கூரையேறித் தகட்டைத் தெற்குப் பக்கம் சாய்த்து வைக்க வேண்டும். லித்தியம் பேட்டரியில் இன்னொரு சிக்கல் உண்டு: பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அதற்குள் மின்னேற்றம் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி கெட்டுப்போகும். ஆகவே வெளிப்பெட்டியில் வைத்த பேட்டரி, விடியற்காலை வெயிலைக் கண்ணெதிரே வீணாக்கும். அதைத் தாங்கள் உறங்கும் அறைக்குள் இடம் மாற்றித் தங்களோடு சேர்த்துக் கதகதப்பாக வைத்துக்கொள்கிறார்கள்.

வெப்பத்துக்கு வருவோம். புரொப்பேன் எரிவாயுவைத்தான் பெரும்பாலோர் நம்புகிறார்கள். அதற்கு நியாயம் இருக்கிறது. நம் வீட்டு 14.2 கிலோ சிலிண்டரில் பியூட்டேன் கலந்திருக்கும். பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழேயே பியூட்டேன் ஆவியாவதை நிறுத்திவிடும். புரொப்பேனோ பூஜ்யத்துக்குக் கீழே 42 டிகிரி வரை ஆவியாகும். அமெரிக்கரின் சாதாரணச் சிலிண்டர் 20 பவுண்டு, அதாவது ஒன்பது கிலோ. மணிக்கு 30,000 பி.டி.யு. எரிக்கும் ஹீட்டர் இடைவிடாமல் ஓடினால் அந்தச் சிலிண்டர் பதினான்கு மணி நேரத்தில் தீர்ந்துபோகும். பாதி நேரம் ஓடினாலும் ஒரு நாளைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். செலவைச் சிக்கனப்படுத்த நினைத்து, புகைபோக்கி இல்லாத சிறிய ஹீட்டரை உள்ளே வைக்கிறவர்கள் உண்டு. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி பிறக்கிறது. இது வேதியியல் கணக்கு, ஹீட்டரின் தரத்தைப் பொறுத்ததன்று. அதோடு ஒரு மனிதர் மூச்சாலும் தோலாலும் நாளுக்கு ஒரு லிட்டர் அளவுக்கு நீராவியை வெளிவிடுகிறார். சமையலும் குளியலும் தனி. அறை 20 டிகிரியில், ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால், ஒன்பது டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் பனித்துளி கட்டும். குளிர் இரவில் ஒற்றைக் கண்ணாடி ஜன்னலும் அலுமினியச் சட்டமும் அதற்குக் கீழேதான் இருக்கும். மெத்தைக்கு அடியில் பூசணம், அலமாரிக்குப் பின்னால் ஊறிய பலகை. ஆகவே ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டே அறையைச் சூடாக்க வேண்டியிருக்கிறது. கேட்க முரணாக இருக்கும். ஆனால் கார்பன் மோனாக்சைடு என்ற மணமற்ற எமனை நினைத்தால், அந்தத் திறந்த ஜன்னலுக்கு வேறு மதிப்பு வந்துவிடும். பகல் முழுக்க ஒரு மனிதர் உள்ளேயே உட்கார்ந்து வேலை பார்த்தால் இந்தக் கணக்குகள் எல்லாம் கூடத்தான் செய்யும். ஓய்வுக்காரர் பகலில் வெளியே வெயில் காய்வார். ஊழியர் மூச்சுவிடுவது உள்ளே.

தண்ணீரைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. நல்ல தண்ணீர் ஒரு தொட்டி, குளித்த கழுவிய நீர் இன்னொன்று, கழிவறைக்குத் தனியாக ஒன்று என்று மூன்றும் வண்டியின் அடிவயிற்றில் தொங்குகின்றன. காற்று படும் இடம் அது. இரவு பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்பினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். நாள்முழுக்க அதற்குக் கீழேயே நின்றால் தொட்டியைச் சூடாக்கும் விரிப்பு, மின்கம்பி ஓடும் ரப்பர் குழாய், வண்டியைச் சுற்றிப் பாவாடை கட்டியதுபோல் தட்டிகள் என்று வேலை விரியும். அப்படிக் கட்டிய வண்டி நகராது. இதைத்தான் கவனிக்க வேண்டும்: குளிரை எதிர்க்கச் செய்யும் ஒவ்வொரு ஏற்பாடும் வண்டியை வீடாக்கி, சக்கரத்தைப் பொருளற்றதாக்குகிறது.

இனி, யாரும் அதிகம் பேசாத ஒன்று: கடிகாரம். நவஹோ பழங்குடி நிலம் நீங்கலாக, அரிசோனா மாநிலம் ஆண்டு முழுக்க ஒரே நேரத்தைக் கடைப்பிடிக்கிறது. கோடையில் முள்ளைத் தள்ளி வைக்கும் பழக்கம் அங்கே இல்லை. குளிர்காலத்தில் நியூயார்க்கை விட அது இரண்டு மணி நேரம் பின்னால். நியூயார்க் அலுவலகத்தின் ஒன்பது மணி, குவார்ட்சைட்டில் ஏழு. டிசம்பரில் அங்கே சூரியன் உதிப்பது ஏழரை மணி சுமாருக்கு. ஆகவே இருட்டில், குளிரில், முதல் கூட்டத்தில் முகம் காட்ட வேண்டும். ஆனால் பிற்பகல் மூன்று மணிக்கு வேலை முடிந்துவிடும். அஸ்தமனம் ஐந்தரைக்கு மேல். நாளின் மிக வெதுவெதுப்பான இரண்டரை மணி நேரம் கையில் மிஞ்சுகிறது. தண்ணீருக்கும் எரிவாயுவுக்கும் காலாற நடப்பதற்கும் அது போதும். சியாட்டிலில் உள்ள நிறுவனத்துக்கு வேலை பார்க்கிறவருக்கு அதே பாலைவனத்தில் நிலைமை தலைகீழ். அவருடைய நாள் பத்து மணிக்குத் தொடங்கி, இருட்டிய பிறகு ஆறு மணிக்கு முடிகிறது. காலையில் அவருக்கும் இரண்டரை மணி நேரம் கிடைக்கும்தான், ஆனால் குழாய் இன்னும் விறைத்துக் கிடக்கும் இரண்டரை மணி நேரம். அவர் ஃபுளோரிடா பக்கம் போனால் நிலைமை வேறு. சியாட்டிலின் ஒன்பது மணி அங்கே நண்பகல். இரவு எட்டு வரை வேலை என்றாலும், அங்கத்திய காலை முழுக்க அவருடையது. நியூயார்க் ஊழியருக்கு அதே ஃபுளோரிடாவில் எட்டு மணி நேர வேலை முடிந்த பிறகு அரை மணி வெளிச்சம்தான் மிஞ்சும். ஆக, மேற்கு முதலாளிக்கு வேலை பார்ப்பவர் கிழக்கேயும், கிழக்கு முதலாளிக்கு வேலை பார்ப்பவர் மேற்கேயும் குளிர்காலத்தைக் கழிப்பது நல்லது. எந்த ஹீட்டர் என்று தேடும் நேரத்தில் பாதியையாவது இந்தக் கணக்குக்குச் செலவிடலாம் என்பது என் எண்ணம்.

நிலம் யாருடையது என்ற கேள்வி அடுத்து வருகிறது. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் நில மேலாண்மைப் பணியகம் என்ற கூட்டாட்சித் துறையின் பொறுப்பில் உள்ள பொதுநிலத்தில் பெரும்பாலும் கட்டணமின்றித் தங்கலாம். ஆனால் பொதுவாக ஓரிடத்தில் பதினான்கு நாள்தான். ஓய்வுக்காரருக்குப் பதினான்கு நாள் ஒரு நல்ல சாக்கு: போய்க்கொண்டே இருக்கலாம். ஊழியருக்கோ இரண்டு வாரத்துக்கொரு முறை ஒரு வாரஇறுதி பறிபோகும். சனிக்கிழமை கட்டிக்கொண்டு புறப்பட்டு, புது இடத்தில் வானம் மறைக்காமல் இருக்கிறதா, கைபேசி அலைவரிசை எட்டுகிறதா என்று பார்த்து, ஞாயிறு மாலைக்குள் வேலைக்குத் தயாராக வேண்டும். இதே துறை 1983இல் ஒரு நல்ல காரியம் செய்தது. அரிசோனா, கலிஃபோர்னியா பாலைவனங்களில் 'நெடுநாள் விருந்தினர் பகுதிகள்' என்று சில நிலங்களை ஒதுக்கியது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஏழு மாதமும் தங்க, பல ஆண்டுகள் அங்கே கட்டணம் 180 டாலராக இருந்தது. குவார்ட்சைட்டுக்குத் தெற்கே லா போசா என்ற பகுதி அவற்றில் பெயர் பெற்றது. குடிநீர் பிடிக்கவும் கழிவு கொட்டவும் குப்பை போடவும் வசதி உண்டு. 2020 கணக்கெடுப்பில் 2,400 பேர் மட்டுமே வசித்த ஊர் குளிர்காலத்தில் வண்டிக்காடாகிறது. முதலில் சிறுகூட்டமாகத் தொடங்கி ஆயிரக்கணக்கானோர் திரண்ட 'ரப்பர் டிராம்ப் ரெண்டெவூ' என்ற வண்டிவாசிகளின் கூட்டம் கூடியதும் இந்த ஊரை ஒட்டிய பாலைவனத்தில்தான். ஜெசிகா ப்ரூடர் 2017இல் வெளியிட்ட 'நோமட்லாண்ட்' நூலில் வரும் முதிய தொழிலாளர்களைப் பாருங்கள்: கிறிஸ்துமஸ் வரை கிடங்குகளில் உழைத்துவிட்டு, ஜனவரியில் பாலைவனத்துக்கு வருகிறார்கள். அவர்களுக்குக்கூட வேலைப் பருவம் வேறு, பாலைவனப் பருவம் வேறு. இரண்டையும் ஒரே நாளுக்குள் திணிக்கும் முதல் தலைமுறை தொலைவேலைக்காரர்கள்தான்.

இந்த வாதத்துக்கு எழக்கூடிய வலுவான மறுப்பு ஒன்றுண்டு. மின்சாரமும் தண்ணீரும் கழிவுக்குழாயும் இணைத்துத் தரும் ஆர்.வி. பூங்காவில் மாத வாடகைக்கு நின்றுவிட்டால் பகல் பற்றாக்குறை எங்கே வந்தது? கனடாவிலும் மொன்டானாவிலும்கூட மக்கள் அப்படிக் குளிர்காலத்தைக் கடக்கிறார்களே? கடக்கிறார்கள், மறுக்க முடியாது. 30 ஆம்பியர் இணைப்பில் 3,600 வாட் வரை எடுக்கலாம். இரண்டு மின்ஹீட்டர் ஓடும், தட்டியும் சூடேறும் குழாயும் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்த வாடகை எதற்கான விலை என்று யோசிக்க வேண்டும். நாம் பறிகொடுத்த பகலைத் திரும்ப வாங்கும் விலை அது. வாங்கிய பிறகு கையில் இருப்பது, மெல்லிய சுவருள்ள, நகராத ஒரு சின்ன வீடு. அமெரிக்க வீட்டுவசதித் துறையின் விதிமுறையே ஆர்.வி.யைப் பொழுதுபோக்குப் பயன்பாட்டுக்கான வாகனம் என்றும், நிலையான குடியிருப்பாக வடிவமைக்கப்படாதது என்றும் வரையறுக்கிறது. இது வெறும் சட்டச்சொல் என்று தள்ளிவிட முடியாது: முழுநேரம் குடியிருந்தால் பல உற்பத்தியாளர்களின் உத்தரவாதம் செல்லாது, காப்பீடும் முழுநேரக் குடியிருப்புக்கென்று தனியாக எடுக்க வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் வாடகை வீட்டை விட மலிவாக இருக்கலாம். அப்படி இருக்கும் ஊர்களில் அதைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம்தான். ஆனால் வண்டியின் விலை ஆண்டுதோறும் சரிவதையும் சேர்த்துக் கணக்கிட்டவர்களே மலிவு என்று சொல்ல உரிமை உள்ளவர்கள்.

இன்னொரு மறுப்பு எனக்கு இன்னும் நியாயமாகப் படுகிறது. எல்லா வேலையும் மணி பார்த்து நடப்பதில்லை. நிரல் எழுதுகிறவரும் மொழிபெயர்ப்பவரும் இரவில் வேலை பார்த்துவிட்டுப் பகலைத் தமக்கென்று வைத்துக்கொள்ளலாமே என்பது அது. உண்மை. அப்படிப்பட்டவருக்கு என் வாதம் பாதி தளர்ந்துவிடுகிறது. மீதிப் பாதி தளராதது ஏனென்றால், இரவு வேலைக்கு இரவில் மின்சாரமும் இரவில் வெப்பமும் வேண்டும். பகலில் சேமித்ததை இரட்டிப்பாகச் செலவழிக்க வேண்டிவரும். ஜெனரேட்டர் இருக்கிறதே என்றால், முகாம்களில் இரவு நேர அமைதி விதிகள் இருக்கின்றன, பக்கத்து வண்டியில் தூங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

சட்டம் இந்த வாழ்க்கையை இன்னும் முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை. அமெரிக்கர்களில் பலர், சம்பளத்துக்கு மாநில வருமான வரி இல்லாத தெற்கு டகோடா, டெக்சஸ், ஃபுளோரிடா மூன்றில் ஒன்றைத் தம் நிலையான முகவரியாக ஆக்கிக்கொள்கிறார்கள். 1978இல் தொடங்கிய எஸ்கேபீஸ் என்ற ஆர்.வி. சங்கம் டெக்சஸின் லிவிங்ஸ்டன் ஊரிலிருந்து உறுப்பினர்களுக்குத் தபால் முகவரி சேவை நடத்துகிறது. ஆனால் முகவரி எங்கே இருந்தாலும், உடல் எந்த மாநிலத்தில் உட்கார்ந்து சம்பாதித்ததோ அந்த மாநிலமும் வரி கேட்கலாம். தமிழ் வாசகர்கள் பலருக்கு நேரடியாகப் படும் தடை வேறொன்று. எச்-1பி விசாவில் இருக்கும் மென்பொருள் பொறியாளரின் வேலையிடம், முதலாளி அமெரிக்கத் தொழிலாளர் துறையிடம் அளிக்கும் விண்ணப்பத்தில் எழுதிய பகுதியோடு கட்டப்பட்டது. அந்தப் பெருநகர எல்லைக்கு வெளியே வேலையிடம் மாறினால் திருத்த மனு போட வேண்டும் என்பதைக் குடியேற்றத் துறையின் மேல்முறையீட்டு அலுவலகம் 2015 ஏப்ரலில் உறுதிசெய்தது. குறுகிய காலத்துக்கு வேறிடத்தில் பணியமர்த்த விலக்கு உண்டு. அதுவும் நிபந்தனைகளோடு, ஆண்டுக்கு 30 வேலைநாள், சில சூழ்நிலைகளில் 60. ஆகவே உடன் வேலை பார்க்கும் அமெரிக்கர் பாலைவனத்திலிருந்து கூட்டத்தில் தலைகாட்டலாம். அதே குழுவில் இருக்கும் கோயம்புத்தூர்க்காரர் திருத்த மனு இல்லாமல் ஆறு வாரத்துக்கு மேல் அப்படிச் செய்தால் அவருடைய விசாவுக்கே ஆபத்து. ஒன்ராறியோவில் குடியேறிய ஈழத்தமிழருக்குக் கணக்கு இன்னொன்று: பன்னிரண்டு மாதத்தில் 212 நாள் வரை மாகாணத்துக்கு வெளியே இருந்தாலும் அரசு மருத்துவக் காப்பீடு தொடரும். ஆனால் அமெரிக்காவுக்குள் அவர் சுற்றுலாப் பயணியாகத்தான் நுழைகிறார், கனடாவில் உள்ள முதலாளிக்கு அங்கிருந்து முழுநேரமும் வேலை பார்க்கச் சட்டம் தெளிவாகக் கதவைத் திறந்து வைக்கவில்லை.

விரும்பித் தெற்கே போகிறவர்களைப் பற்றி மட்டும் பேசி நிறுத்துவது நியாயமாகாது. வாடகை கொடுக்க முடியாமல் வண்டிக்குள் ஒதுங்கியவர்களும் அமெரிக்க நகரங்களில் குளிர்காலத்தைக் கழிக்கிறார்கள், பலர் வேலைக்கும் போய்க்கொண்டே. சியாட்டிலில் நகராட்சி நிலத்தில் 72 மணி நேரத்துக்கு மேல் நின்றதற்காக, தங்கியிருந்த வண்டியே இழுத்துச் செல்லப்பட்ட ஒருவரின் வழக்கில், 2021இல் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் அந்த வண்டியும் வீட்டைப் போலவே சட்டப் பாதுகாப்புக்கு உரியது என்றது. விதித்த கட்டணத்தையும் மிகையான தண்டனை என்றது. மூன்றாண்டு கழித்து, 2024 ஜூனில், கிராண்ட்ஸ் பாஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பொதுவிடத்தில் உறங்குவதற்கு நகரங்கள் தண்டனை விதிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. பதினான்கு நாள் விதி ஒருவருடைய வாரஇறுதியைத்தான் தின்கிறது. 72 மணி நேர விதி இவர்களுடைய வேலைநாளையே தின்கிறது. மூன்று நாளுக்கொரு முறை வீட்டை நகர்த்த வேண்டியவர் எந்த வேலையை எத்தனை நாள் தக்கவைத்துக்கொள்ள முடியும்? ஏழு மாதத்துக்கு 180 டாலர் என்று பாலைவனத்தில் செய்ய முடிந்த ஏற்பாட்டை, தண்ணீர்க் குழாயும் கழிவுத் தொட்டியும் வைத்து, ஒவ்வொரு பெருநகரத்தின் ஓரத்திலும் செய்யலாம். நிலமும் பொறியியலும் தெரிந்தவைதான். அதைச் செய்யாமலிருப்பதற்கு எந்தப் பொருளாதாரக் காரணமும் எனக்குச் சரியாகப் படவில்லை.

மார்ச் இரண்டாம் ஞாயிறன்று நாட்டின் பெரும்பகுதி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறது. அரிசோனா தள்ளுவதில்லை. மறுநாள் திங்கட்கிழமையிலிருந்து நியூயார்க்கின் ஒன்பது மணி குவார்ட்சைட்டில் ஆறு மணி. சூரியன் உதிக்க இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கும். பிற்பகல் இரண்டுக்கு வேலை முடிந்து கதவைத் திறந்தால், டிசம்பரில் தேடித் தேடி நின்ற வெயில் இப்போது கண்ணைக் கூச வைக்கும். உள்ளே விசிறி சுழலும், பேட்டரி நண்பகலுக்கு முன்பே நிரம்பியிருக்கும். லா போசாவில் பக்கத்து வண்டிகள் ஒவ்வொன்றாக வடக்கே கிளம்பத் தொடங்கும். அனுமதிச்சீட்டு ஏப்ரல் 15 வரை செல்லும். ஆனால் கோடையில் 45 டிகிரியைத் தாண்டும் ஊர் அது; குளிரைச் சரியாகத் தடுக்காத அந்த மெல்லிய சுவர் வெப்பத்தையும் தடுக்காது. அதனால் வார நடுவிலேயே சிலர் விடுப்பு எடுத்துக்கொண்டு குழாயைச் சுருட்டுகிறார்கள்.